இடதுபக்க ஸ்பீக்கர்

ஜனவரி 12

செல்லக் குருவிக்கு,

பாட்டி எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. உன் பெரியப்பா மகன் கப்பலில் இரண்டாம் என்ஜினியராகிவிட்டான். அவன் தங்கை பல் டாக்டராகி, வருகிறவர் போகிறவர் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறாள். உன் அண்ணனுக்கு மறுபடி பதவி உயர்வு. நீயோ சொந்தமாக ஒலி அமைப்புத் தொழிலே தொடங்கிவிட்டாய், மிக்ஸர் வேறு வாங்கப் போகிறாய். இதையெல்லாம் கீழ்வீட்டு டீச்சரம்மாவிடம் வரிசையாகச் சொன்னேன். "மிக்ஸர் வாங்கறாளா? சமையலுக்கா?" என்கிறாள். ஐந்தாவது படித்த நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன்: "பத்து பேர் பாடினா பத்து குரலையும் அளவாச் சேர்த்து வெளியே அனுப்புற பெட்டி, டீச்சர்." சரிதானே?

ஒரு குறை. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் ஃபோன் வரும். இப்போது லைன் சரியில்லை, கடிதம் போடச் சொல் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். இங்கே எல்லோருக்கும் லைன் மணி மணியாகத்தான் கேட்கிறது. உனக்கு மட்டும் என்ன?

உன் பாட்டி

ஜனவரி 25

அன்புள்ள பாட்டிக்கு,

டீச்சரம்மாவுக்கு நீங்கள் சொன்னதைவிட நன்றாக என்னாலும் சொல்ல முடியாது.

ஃபோனில் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு இரைச்சல், பாட்டி. உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மிக்ஸர் வாங்கிவிட்டேன். எட்டு மைக் செருகலாம். ஒருவர் பயன்படுத்தியதுதான், ஆனால் சுத்தம். இதைவிட மலிவாக ஒன்று இருந்தது. ஆனால் இதில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் சத்தத்தோடு ஏறி இறங்கும். அதைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

ஸ்பீக்கர்தான் உயிரை வாங்குகிறது. முதல் ஜோடியில் இடதுபக்கம் மங்கல். திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஜோடியிலும் இடதுபக்கமே மங்கல்! வயரை மாற்றினேன். அதேதான். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. நீ என்ன, பெட்டிக்கு ஜாதகம் பாக்கறியா?" என்றார். விலை குறைந்த சாமான் என்றால் ஏமாற்றிவிடலாம் என்ற நினைப்பு. இப்போதைக்கு இடதுபக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து ஓட்டுகிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் இருபது பேர் பாட்டுக்குழுவின் நிகழ்ச்சி. மேடைக்கும் ரெக்கார்டிங்குக்கும் நான்தான். நன்றாக முடிந்தால் அந்த ஹாலுக்கு இனி நிரந்தரமாக நான்தான். ஒத்திகையில் பதிந்ததை அம்மா ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேளுங்கள்.

குருவி

பிப்ரவரி 4

என் கண்ணே,

ஒத்திகைப் பாட்டைக் கேட்டோம். உன் அம்மா பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோனை எனக்கு மாட்டிவிட்டாள். இடது காதில் கத்துகிறார்கள், வலது காதில் கிசுகிசுக்கிறார்கள். மாற்றி மாட்டினேன். கத்தல் வலது காதுக்கு வந்துவிட்டது. என் காதில் கோளாறு இல்லை. உன் அம்மாவுக்கும் அப்படியே கேட்டது. "புது மிக்ஸர், பழக நாளாகும்"னு அவள் எழுந்து போய்விட்டாள். நான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன்.

நீ ஸ்பீக்கரை மாற்றினாய், வயரை மாற்றினாய், லைனைக் குறை சொன்னாய். வலது கை எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால் சின்ன வயதிலிருந்து ஃபோனை இடது காதில்தான் வைப்பாய். ஒரே ஒரு தடவை வலது காதில் வைத்து அம்மாவிடம் பேசு. நான் நினைப்பது பொய்யாகப் போகட்டும். கிழவிக்குப் பைத்தியம் என்று நீ சிரித்தால், இந்த வீட்டிலேயே அதிகம் சிரிப்பது நானாக இருப்பேன்.

உன் பாட்டி

பிப்ரவரி 19

குருவி,

பதில் இல்லை. ஃபோனும் எடுக்கவில்லை. தபால்காரர் சைக்கிள் நம் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். உன் அம்மா வேலை மும்முரம் என்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயம். "சரி பாட்டி" என்று ரெண்டு வார்த்தை போடு. திட்டியாவது எழுது.

பாட்டி

மார்ச் 3

பாட்டி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஃபோனை வலது காதில் வைக்கவில்லை. பயம். கடைசியில், ஹாலில் யாரும் இல்லாதபோது பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன், இடதுபக்கப் பெட்டி வலது காதுப் பக்கம் வருகிற மாதிரி. இத்தனை நாள் மங்கிக் கிடந்த பெட்டி கணீரென்று பாடியது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டி மங்கிவிட்டது. பெட்டியில் ஒன்றுமில்லை, பாட்டி. நான்தான்.

டாக்டரைப் பார்த்தேன். "ஏம்மா இவ்ளோ தாமதமா வந்தீங்க?" என்றார். போனது திரும்புவது கஷ்டமாம். இருப்பதைக் காப்பாற்ற மருந்து, கேட்க ஒரு சின்னக் கருவி. வலது காதும் இப்படி ஆகுமா என்று கேட்டேன். "ஆகாதுன்னு எழுதிக் கொடுக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் வலது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்தது. குழுத் தலைவியிடம் ஜலதோஷம், மூக்கும் காதும் அடைத்திருக்கிறது என்று பொய் சொல்லி, ரெண்டு பக்கமும் சமமா என்று அவரையே கேட்கவைத்துச் சமாளித்தேன். ஹாலுக்கு நிரந்தரமாக வரச் சொல்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மிக்ஸரை விற்றுவிடப் போகிறேன். ஒரு காது கேட்காத சவுண்டுக்காரியை யார் கூப்பிடுவார்கள்? கருவி வந்துவிட்டது, டப்பாவிலேயே கிடக்கிறது.

யாரிடமும் சொல்லாதீர்கள். டீச்சரம்மாவிடம் வரிசையாகச் சொல்வீர்களே, அதில் என்னைப் பற்றி இனி என்ன சொல்வீர்கள்?

குருவி

மார்ச் 15

என் செல்லக் குருவிக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம்கூட.

பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கே பயமாக இருக்கிறது. நீ விரலைச் சொடுக்குகிறாய் என்று படித்ததிலிருந்து நானும் காலையில் எழுந்ததும் சொடுக்குகிறேன். உனக்குக் கேட்கிறதா என்று இங்கிருந்தே காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மிக்ஸரை விற்காதே. மலிவானதை விட்டு விளக்குக்காக வாங்கினேன் என்று நீதானே எழுதினாய்? இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கினால் சமம்தானே? கண் நன்றாகத்தானே இருக்கிறது? சந்தேகம் வந்தால் அந்தத் தலைவியையே கேள். மூக்கை இழுக்காமல் நேராகக் கேள்.

நேற்று டீச்சரம்மா, "உங்க சின்னப் பேத்தி எப்படி இருக்கா?"ன்னு கேட்டாள். கப்பல்காரனைச் சொன்னேன், பல் டாக்டரைச் சொன்னேன், உன் அண்ணனைச் சொன்னேன். உன் முறை வந்ததும், "அவளைப் பத்தி ஒரு படம் வரணும், வந்ததும் சொல்றேன்" என்று நிறுத்திவிட்டேன்.

உன் பழைய படங்களிலெல்லாம் முடி காதை மூடியிருக்கிறது. புதிதாக ஒன்று எடு. மிக்ஸர் பக்கத்தில் நின்று, முடியை ஒதுக்கி, கருவி தெரிகிற மாதிரி. படம் வந்தால் அலமாரியில் எல்லார் படத்துக்கும் முன்னால் வைத்துவிட்டு டீச்சரம்மாவைக் கூப்பிடுவேன். வராவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன், இது சத்தியம். அந்த இடம் மட்டும் காலியாக இருக்கும். தினமும் துடைத்து வைக்கிறேன். படத்தைத் தபாலில் போடு, கண்ணே.

உன் பாட்டி