வார்டு சபையில் என் வாயில் வந்தது

அருமை மகள் ஷிஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் லிங்கராஜும் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் உனக்கும் ஒரு குறை வரக்கூடாது என்று இசக்கியம்மனிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்காதே, இரண்டு வாய் சோறு உள்ளே போனால்தான் உடம்பு நிற்கும், நோயாளிக்கெல்லாம் சொல்கிற நீ உனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மழை தொடங்கியதிலிருந்து முழங்கால் வலி. தைலம் தேய்க்கவா என்றால் வேண்டாம் என்பார், தேய்க்காவிட்டால் இந்த வீட்டில் கேட்பாரில்லை என்பார். உன் தம்பி லிங்கராஜ் ஐடி பார்க்குக்கு வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான், கழக்கூட்டம் டிராபிக்கைத் திட்டித் திட்டி அவன் வாயே கெட்டுவிட்டது, பெண் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் அந்த வாயிலிருந்து ஒரு சொல் வராது.

கொஞ்ச நாளாக நீ போன் பண்ணும்போதெல்லாம் மாவு அரைக்கிறேன், கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று வருத்தப்பட்டாயாம். மாவெல்லாம் சாக்கு. உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது விடுவோம் என்றுதான், லீவு முடிந்து திரும்புகிற உன் சிநேகிதி கையில் இட்லிப் பொடியோடு இதைக் கொடுத்து விடுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மெதுவாகப் படி.

நம் சந்து முனையில் ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் பின்னால் கார்ப்பரேஷனுக்குச் சொந்தமான காலி மனை இருக்கிறதே, அதில் என்ன கட்டுவது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. அதற்கு எதிரே பெரிய அடுக்குமாடி பிளாட் ஒன்று எழும்புகிறது, அங்கே கலவை சுமக்கிற பெண்களெல்லாம் நம் பக்கத்து ஆட்கள், வள்ளியூர் நாங்குநேரிப் பக்கமிருந்து வந்து தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள். அதில் தாசம்மாள் என்று ஒருத்தி, என்னைவிட இளையவள், என்னிடம்தான் தோசை மாவு வாங்குவாள், யக்கா யக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவர்கள் ஒதுங்கப் போய்க்கொண்டிருந்த புதர்க்காட்டைச் சுற்றி யாரோ மதில் எழுப்பிவிட்டார்கள். கொட்டகையில் இருக்கிற ஒரே கக்கூஸ் ஆண்களுக்கே பற்றாது, அதற்குக் கதவும் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் நாங்க தண்ணியே குடிக்கிறதில்லக்கா, இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு கெடக்கோம் என்று ஒருநாள் கடை வாசலில் நின்று சொன்னாள். அடிவயிற்றில் கடுப்பு, காய்ச்சல் என்று மாசத்துக்கு ஒருதரம் படுத்துவிடுகிறாள். அப்படி அடக்கினால் உடம்பு என்ன ஆகும் என்று நர்சுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், அந்த மனையில் பெண்களுக்குக் கக்கூசும் குளிமுறியும் கட்ட வேண்டும் என்று வார்டு சபைக்கு எழுதி வைத்தார். ரெசிடென்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி ரதீஷ் சார் அதே இடத்தில் ஓப்பன் ஜிம் வேண்டும் என்று எழுதி வைத்தார். இரண்டில் ஒன்றைத்தான் நம் வார்டிலிருந்து மேலே அனுப்ப முடியும், சபையில் கை தூக்கி முடிவு பண்ணட்டும் என்று கவுன்சிலர் எலிசாள் சொல்லிவிட்டார். தாசம்மாளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் இங்கே ஓட்டு இல்லை, அவர்கள் வந்து உட்காரலாம், கை தூக்க முடியாது. எனக்கு ஓட்டு உண்டு, குடும்பஸ்ரீ பெண்கள் குழுவில் இத்தனை வருஷம் இருந்ததில் கூட்டத்தில் எழுந்து மலையாளத்தில் பேசுகிற தைரியமும் உண்டு. நீ கவலப்படாத தாசு, நான் எந்திரிச்சுப் பேசுதேன் என்று நானாகத்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன், அவள் கேட்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்.பி. ஸ்கூல் ஹாலில் சபை, சாயாவும் பருப்புவடையும் உண்டு, நல்ல கூட்டம். தாசம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த சேலை கட்டி, இன்னும் இரண்டு பெண்களோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் அவர் திட்டத்தை வாசித்து முடித்தார், நான் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் ரதீஷ் சார் சிரித்துக்கொண்டே, கோமதி சேச்சியிடமே கேட்போம், சேச்சி இப்போது நம்ம ஆள், ஆனால் அந்த ஆட்களின் சமாசாரம் சேச்சிக்குத்தான் தெரியும், கட்டிக் கொடுத்தால் சுத்தமாக வைத்திருப்பார்களா, சேச்சி சொல்லட்டும் என்றார். ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது.

இந்த ஊருக்கு நாங்கள் வந்த புதிதில் தமிழர் என்றால் பாண்டி என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படி யாராவது கூப்பிட்டால் உன் அப்பா அன்று முழுக்க சாப்பிட மாட்டார். உனக்கு என் ஆத்தா பேரை வைக்காமல் ஷிஜா என்று வைத்ததே ஸ்கூலில் உன்னை ஒருத்தரும் பாண்டி என்று சொல்லக்கூடாது என்றுதான். அப்படி இருந்தவளை இத்தனை பேர் நடுவில் நம்ம ஆள் என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசினால் மறுபடி அந்த பெஞ்சுக்குப் போய்விடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. நல்ல மலையாளத்தில், ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னேன்: கட்டிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை, இந்தப் பாண்டிக்காரர்களுக்கு வெளியே போய்த்தான் பழக்கம், ஒரே மாசத்தில் நாறடித்துவிடுவார்கள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன் மக்கா. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஜிம்முக்குக் கை தூக்கச் சொன்னபோது என் கையும் மேலே போயிற்று, நாள் முழுக்க மாவு வாளி தூக்குகிறவளுக்கு ஜிம் ஒரு கேடா. கையை இறக்கித் திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் ஆள் இல்லை.

உன் அப்பா கூட்டத்துக்கு வரவில்லை, ஆனால் சாயங்காலமே சாயாக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாராட்டாகத்தான் சொன்னார்களாம். என்னைத் திட்டவில்லை. நெல்லைக் கொட்டினா அள்ளிரலாம் கோமதி என்று பாதிப் பழமொழியோடு நிறுத்திவிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் தட்டைக் கழுவி நான் பார்த்ததில்லை.

மறுநாள் தாசம்மாள் வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். பாத்திரத்தை நீட்டி, சேச்சி, அரக் கிலோ மாவு வேணம் என்றாள். அவளுக்கு மலையாளம் அரைகுறை, தப்பும் தவறுமாகத்தான் வரும், என்னிடம் அதுவரை ஒரு சொல் மலையாளத்தில் பேசியதில்லை. தாசு, நான் வேணும்னு சொல்லல என்று தொடங்கினேன், சரி சேச்சி என்று சொல்லிவிட்டு மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை அப்படித்தான், கோபமாக ஒரு பார்வை கிடையாது, சண்டை கிடையாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன், நான் சொன்னது பொய், மாற்றி எழுதுங்கள் என்று கேட்டேன். சேச்சி சொன்னதால்தானே பாதிப் பேர் மாறினார்கள், இனி அடுத்த சபையில் அதே ஆட்கள் முன்னால் சேச்சியே எழுந்து சொன்னால் மறுபடி வைக்கிறேன், அதற்குள் கார்ப்பரேஷன் கவுன்சிலில் ஜிம் பாஸாகிவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சொல்லத்தான் போகிறேன். சிரித்தவர்களெல்லாம் மறுபடி சிரிக்கட்டும், நம்ம ஆள் என்று சொன்ன வாய் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், நான் எழுந்திருப்பேன். அதுவரைக்கும் அவர்கள் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று, நம் வீட்டுப் பின்பக்கத்து பாத்ரூமைக் கழுவி, புது வாளி வாங்கி வைத்து, கொட்டகைக்கே போய்க் கூப்பிட்டேன். தாசம்மாள் செங்கல் கூடையை இறக்கிவைத்துவிட்டு, மரியாதையாகத்தான், வேண்டா சேச்சி என்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

நீ இதை நினைத்துக்கொண்டு டூட்டியில் கவனம் தப்பிவிடாதே. அங்கேயும் யாராவது உங்கள் ஊர் மற்ற ஆட்களைப் போல நீ இல்லை என்று உன்னைப் புகழ்ந்தால், அந்த நேரம் மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, இட்லிப் பொடியை டப்பாவில் மாற்றி வை. எந்த ஊரில் இருந்தாலும் உன்னை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நீ தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், இந்த வாயால் ஆசீர்வாதம் பண்ணக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பெற்றவள் சொன்னால் பலிக்கும் என்பார்கள், நல்லா இரு மக்கா. அப்பாவும் தம்பியும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு போன் பண்ணு, இனி அப்பாவிடம் கொடுக்க மாட்டேன், நானே பேசுகிறேன். நீ எப்போதும் என்னிடம் மலையாளத்தில்தான் பேசுவாய், நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். அன்றைக்கு மட்டும், திட்டுவதாக இருந்தால் தமிழில் திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமதியம்மாள்