அத்தை எழுந்து நின்ற நாள்

அன்பு மகளே, போனில் உன் குரல் தெம்பாக இருந்ததிலேயே நீ நலம் என்று தெரிந்துகொண்டேன், இங்கே அப்பாவும் நானும் எங்கள் வயதுக்குத் தக்கபடி நன்றாகவே இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மறுநாளே தலையணை சரியில்லை என்று சண்டை போட்டாள், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அத்தையைத் தெரியுமா என்று கேட்டாய், போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து கதையைக் கெடுத்துவிடுவார், அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது, சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் உன் அத்தை. எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஃபேன், அதை யார் பக்கம் திருப்புவது என்று சண்டை வந்து பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது, முதுகுக்குப் பின்னால் என்னை நெட்டைக்கொக்கு என்பாள். ஒருநாள் முன்வாசலை ஒட்டிய இஸ்திரி மேஜைப் பக்கம் வயர் எரிந்து ஹால் முழுக்கப் புகை, எல்லோரும் பின்கதவுக்கு ஓடினோம், துணி திருட்டுப் போகிறது என்று சூப்பர்வைசர் அதைப் பூட்டி வைத்திருந்தார். இருமிக்கொண்டே கதவை அறைந்தோம். நல்லவேளை, யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் போனால் அதே பூட்டு தொங்குகிறது. எனக்குக் கோபம் வந்தது, உட்காராமல் நின்றுகொண்டேன். "என்னம்மா, மகாராணிக்கு நாற்காலி சரியில்லையா?" என்றார் சூப்பர்வைசர். "பின்கதவத் தொறங்க சார், உக்கார்றேன்" என்றேன். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஒருத்தியும் தலை நிமிரவில்லை. என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, உட்கார்ந்துவிடலாம் என்று நாற்காலியை இழுக்கக் கை போய்விட்டது. அப்போதுதான் அத்தை மெஷினை நிறுத்தினாள். "இந்த நெட்டக்கொக்கு நிக்கிறதால எனக்குக் காத்தே வரமாட்டேங்குது சார், அதான் நானும் நிக்கிறேன்" என்று எழுந்தாள். யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பிலேயே பயம் விட்டுப்போய் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். மதியத்துக்குள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தெருவில் நின்று அழுத என்னிடம், "அழுது என்ன ஆகப்போவுது, எங்க வீட்ல ஒரு மெஷின் சும்மாதான் கெடக்கு, வா, தைப்போம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அங்கே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் அண்ணனைத்தான் நீ அப்பா என்று கூப்பிடுகிறாய்.

இப்போது ஆஸ்பத்திரியில் நர்சுகளிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் கதையில் முதலில் எழுந்தது அவள்தானாம், நான் பின்னாலேயே எழுந்தேனாம். அப்பா திருத்தப் போனார், நான் கண்ணாலேயே அடக்கினேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் தப்பில்லை. நான் நின்றது கோபத்தில், இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவள் என்ன வரும் என்று தெரிந்தே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய், கதையை ஆரம்பித்தால் முதல் தடவை கேட்பதுபோலக் கேள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா