நோம்பி வண்டியின் சங்கு

அம்மணி,

இன்று காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அந்த வாசம் ஏறி வந்தது. எங்கள் அடுக்ககத்து வாசலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர், வேட்டியில் தண்ணீர் தெளித்து, கரி நிரப்பிய பெட்டியை அதன்மேல் இழுத்துக்கொண்டிருந்தார். சூடும் ஈரமும் கரியும் சேர்ந்த வாசம். கையில் இருந்த தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டேன். "போத்தனூர் பிளாட்பாரம்" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து என் மருமகள், "ஏனுங்கத்தை, யாருகிட்டப் பேசறீங்க?" என்று கேட்டாள்.

உன்னிடம்தான். நீ இருந்திருந்தால் உடனே மறுத்திருப்பாய். "அது அடுப்புக்கரி புள்ள. இன்ஜினுக்குப் போட்டது நெலக்கரி. ரெண்டும் எப்பிடி ஒரே வாசம் அடிக்கும்?" என்று ஆரம்பித்து, கீழே இறங்கிப் போய் அந்த மனுசரையும் படுத்தி எடுத்திருப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் கேள்வித் தொல்லை மட்டும் இன்னும் என்னை விட்டபாடில்லை.

பல் டாக்டரான உனக்கு நீராவி இன்ஜின் மேல் ஏன் இத்தனை கிறுக்கு என்று எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி ஆயிற்றே, எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. எனக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில், பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதையில் டீசல் வந்துவிட்ட பிறகு, ஒரே ஒரு நீராவி இன்ஜினை மட்டும் உடைக்காமல் ஷெட்டில் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று உன் காதில் விழுந்தது. "ஓடற இன்ஜினை எதுக்குப் புள்ள துடைச்சு வெச்சிருக்கறாங்க?" என்று ஒரு மாதம் என்னைக் குடைந்தாய். பிறகு கடைவாய்ப் பல்வலியோடு ஒரு ரயில்வே அதிகாரி உன் நாற்காலியில் வந்து சாய்ந்தார். அவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, விடுமுறை நாட்களில் அந்த இன்ஜினைப் பூட்டி போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ஓர் உல்லாச ரயில் விட்டால் என்னங்க என்று கேட்டாய். வாய் நிறையப் பஞ்சோடு மனிதர் எப்படி முடியாது என்பார்? அவர் 'ஆ' என்றதை நீ 'ஆகட்டும்' என்று எடுத்துக்கொண்டாய்.

அப்புறம் நடையாய் நடந்து, ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து வாங்கி, அதை நிஜமாக்கியதும் நீதான். அன்று நான் கல்யாண வீடுகளுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். எனவே ரயிலில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடும் வேலை என் தலையில் விழுந்தது. என்னைக் கேட்டா தலையில் போட்டாய்? "நீயும் வாரே" என்றாய், அவ்வளவுதான்.

முதல் வண்டியைக் காணும் பொங்கலுக்கு விட்டோம். நம் பக்கத்தில் எல்லாப் பண்டிகையும் நோம்பிதானே, அது பூப்பறிக்கிற நோம்பி. பெண்டு பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பி ஆவாரம்பூ பறிக்கப் போகிற நாள். அதனால் நம் ரயிலுக்கு 'நோம்பி வண்டி' என்று பெயர் வந்துவிட்டது. நீ அச்சடித்துத் தொங்கவிட்ட பெயர்ப்பலகையை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தலையில் பூவும் மடியில் முறுக்குமாய் ஏறினார்கள். ஜன்னலில் தலையை நீட்டாதீர்கள் என்று நீ பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு போனாய். உன் தலைதான் வெளியே இருந்தது. ஒரு பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஏனுங்க, கண்ணுக்குள்ள கரி உழுந்துபோச்சுங்க, நெம்ப நல்லாருக்குதுங்க" என்றார். என் தயிர்ச்சோற்றில் விழுந்த கரித்துகளைக் கடுகென்று நினைத்து எல்லோரும் மென்று தின்றார்கள். தாளிப்பு அபாரம் என்று பாராட்டு வேறு. நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

செட்டிபாளையத்துக்குச் சற்று முன்னால் ஒரு லெவல் கிராஸிங். அதை ஒட்டி ஒரு நூல் மில். மில் மூடிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அதன் பின்பக்கம் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகள். டிரைவர் அந்தோணியண்ணன் அந்த ரயில்வே கேட்டுக்காக நீளமாக விசில் ஊதினார். அடுத்த நிமிஷம் லைன் வீடுகளிலிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள், சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி ஆண்கள். ரயிலில் இருந்தவர்கள் ஆரவாரமாகக் கையசைத்தார்கள். நானும் கரண்டியை ஆட்டினேன். பதிலுக்கு ஒருவரும் கையசைக்கவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் மில் கேட்டைப் பார்த்து ஓடினார்கள்.

பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் இன்ஜினைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து, "ஏம்புள்ள, இத்தா பெரிய இன்ஜின் போகுது, அவிய ஏன் நம்மளப் பாக்கலே?" என்றாய். எனக்கு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு ஏன்" என்று சொல்லி விரட்டினேன். நீ விடுகிற ஆளா? அந்த வாரமே கிளினிக்கை மத்தியானத்தோடு மூடிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

லைன் வீடுகளில் முதலில் பேசியது சரசக்காதான். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவர். கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ஊர் உறவெல்லாம் விசாரித்து முடித்த பிறகு நீ உன் கேள்வியைக் கேட்டாய். அந்த அம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"சங்குன்னு நெனச்சுப்போட்டோமுங்க அம்மணி. ஷிப்டுக்குக் கூப்பிடற நம்ம மில்லு சங்கும் இப்பிடித்தானுங்க ஊதும். பொங்கல் கழிஞ்சா தெறப்பாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சுங்க. அன்னிக்கு நோம்பின்னுகூட நெனப்பு வரலீங்க. காதுல உழுந்துது, காலு போயிருச்சு. எங்கூட்டுக்காரரு கேட்டுல போயி நின்னுக்கிட்டுப் பொழுது சாயற வரைக்கும் வரலீங்க."

உன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனாலும் உனக்குள் ஏன் ஏன் என்று குடைகிற அந்த இன்னொருத்தி சும்மா இருக்கவில்லை. காவல்காரரிடம் கெஞ்சி மில்லுக்குள் போனாய். பாய்லர் அறை மேல் ஏணி வைத்து ஏறினாய். கைப்பையில் இருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, அந்தப் பித்தளைச் சங்கின் வாயில் விட்டுப் பார்த்தாய். கீழே நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இன்ஜின்ல இருக்கற அதே அமைப்புத்தான் புள்ள. ஆவி வந்து மோதறதுக்கு அதே மாதிரிக் கிண்ணம்" என்று மேலிருந்து கத்தினாய். பிறகு குரல் இறங்கிவிட்டது. "உள்ளார மைனா கூடு கட்டியிருக்குது."

பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுதாய். நீ அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. "நான் ஆசைக்கு ஊதவெச்ச விசிலுக்கு அவிய சட்டைய மாட்டிக்கிட்டு ஓடியிருக்கறாங்க. வண்டி வேண்டாம் புள்ள, நிறுத்திப்போடலாம்" என்றாய். சித்திரை விடுமுறைக்கு அடுத்த வண்டிக்கு அனுமதி கையில் இருந்தது. எத்தனை வருஷ ஆசை என்று எனக்குத் தெரியும். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. விசில் இல்லாமல் போனால் போச்சு, இதற்காக ரயிலையே விடுவார்களா என்று சத்தம் போட்டேன். அந்தோணியண்ணனைக் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்தார். "ரயில்வே கேட்டு வந்தா ஊதித்தானுங்க ஆகோணும். மெதுவா ஊதறதுக்கு இது என்ன புல்லாங்குழலுங்களா?"

அப்படியானால் அவர்களிடமே கேட்டுவிடுவது என்று மறுபடி பஸ் ஏறினாய். சங்கு இல்லை, ரயில்தான் என்று வீடு வீடாகச் சொன்னாய். அந்தச் சத்தமே வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், வண்டியை நிறுத்திவிடுகிறோம் என்றும் சொன்னாய். பதிலுக்கு மோர்தான் வந்தது. நம் ஊர்க்காரர்கள் வீடு தேடி வந்தவர் மனம் நோக எதைத்தான் சொல்லிவிடுவார்கள்? கடைசியில் தன் வாசல் கட்டிலிலிருந்து சரசக்காதான் எழுந்து நின்றார்.

"ஊதட்டுங்க அம்மணி. ஊதறது நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அது ஊதுனா எங்களால ஊட்டுல உக்கார முடியாதுங்க. எங்கியாச்சும் போவோணும். வண்டி ஊதிப்போட்டு நிக்காமப் போகுது பாருங்க, அதுதானுங்க கஷ்டமா இருக்குது."

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டது ஒன்றே ஒன்று: "இப்ப ஆக்கறதுக்கு மேல எச்சா எத்தனை பேருக்குச் சோறு ஆக்குவே?" வண்டியைச் செட்டிபாளையத்தில் நிறுத்த அனுமதி வாங்கவேண்டும்; ரயில்வே அதிகாரிக்கு இன்னொரு பல் பாக்கி இருந்தது நம் அதிர்ஷ்டம்.

சித்திரையில் வண்டி அந்தக் கேட்டுக்கு முன்னால் ஊதியது. நீ கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் விரல்கள் வெளுத்திருந்தன. லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு கணம் மில் பக்கம் பார்த்தார்கள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்கள். செட்டிபாளையம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது மூச்சு வாங்க வந்து ஏறினார்கள், ஷிப்டுக்குப் போகிற அதே மாதிரி. சீவி முடித்த தலை, கையில் சோற்றுத் தூக்குப்போசி. என் சாப்பாடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. "எங்களுக்குப் போசி இல்லாமக் கெளம்பிப் பழக்கமில்லீங்க" என்று சரசக்கா சொன்னபோது எனக்கு ரோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் அவருடைய அரிசிம்பருப்புச் சோற்றில் ஒரு பிடி வாங்கித் தின்றேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

அவர் வீட்டுக்காரர் ஏறியதுமே ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். நீ சும்மா விட்டாயா? பக்கத்தில் போய் உட்கார்ந்து சங்கைப் பற்றிக் கேட்டாய். காலையில் ஊதுவதும் சாயங்காலம் ஊதுவதும் ஒரே மாதிரி இருக்குமா, மழைநாளில் சத்தம் மாறுமா என்று. முதலில் தலையை மட்டும் ஆட்டினார். கிணத்துக்கடவு தாண்டியதும் பேச ஆரம்பித்தவர், பொள்ளாச்சி வந்தும் இறங்கவில்லை. அவ்வளவு நாளாக அவரிடம் யாரும் மில்லைப் பற்றி ஆசையாகக் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் எப்போது திறக்கும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் செட்டிபாளையத்தில் இறங்கும்போது ஒவ்வொருவரும் உன்னிடம், "வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். அந்த முறை முதல் கடைசி வண்டி வரைக்கும் அதுதான் வழக்கம். இன்ஜினைப் பார்த்தும் சிலர் சொன்னார்கள். மில்லை விட்டு வரும்போது மெஷினிடம் அப்படிச் சொல்வார்களாம். ஏன் என்று நீ கேட்டதற்கு, "நாளைக்கும் வரோணுமுல்லீங்க" என்றார் சரசக்கா.

நோம்பி வண்டி சில வருஷம் ஓடியது. பிறகு இன்ஜினின் பாய்லர் இனித் தாங்காது என்றார்கள். அது இப்போது ஓர் ஆபீஸ் வாசலில் மேடைமேல் பளபளவென்று பெயிண்டோடு நிற்கிறது. மில் திறக்கவே இல்லை. அங்கே வீட்டுமனை போட்டுவிட்டார்கள். மைனாக்கள் எங்கே போயின என்று நீ கேட்டாய்.

உன்னை எடுத்த அன்று சரசக்கா பஸ் பிடித்து வந்திருந்தார். உன் கால்மாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது எழுந்து, கைகூப்பி, "வாரேனுங்க அம்மணி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பந்தலே அவரைத் திரும்பிப் பார்த்தது. "சாவூட்டுல வாரேன்னு சொல்லலாமுங்களா?" என்று உன் நாத்தனார் பல்லைக் கடித்தார். சரசக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "தப்புத்தானுங்க. அம்மணிகிட்ட வேற மாதிரி சொல்லிப் பழக்கமில்லீங்க" என்று அழுதார். நான் முறை தெரிந்தவள். உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தேன். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து என்னோடேயே இருக்கிறது.

சற்று முன் கீழே இறங்கிப் போய் இஸ்திரிக்காரரிடம், அடுப்புக்கரிக்கும் நிலக்கரிக்கும் வாசம் வேறாக இருக்குமா என்று கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தெரியலீங்களே, ஏனுங்க கேக்கறீங்க?" என்றார். சும்மாதான் என்றேன். நீ என்னிடம் விட்டுப்போனது இந்த 'ஏன்' ஒன்றுதான். எனக்கு அது போதும்.

உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. ஊதினால் உட்கார முடியாது, எழுந்து போகவேண்டும்.

வாரேன் அம்மணி.