குளியலறையில் ஒரு கைப்பிடி

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பக்கவாதம் வந்த நாளிலிருந்து இவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. துவைத்து, சமைத்து, இவரையும் குளிப்பாட்டி எனக்கு இடுப்பு ஒடிகிறது.

குளிக்கும்போது இவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். ஆள் கூப்பிட்டு அலுத்துவிட்டேன். இன்று சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, நானே டிரில்லை எடுத்துச் சுவரில் துளை போட்டேன். உள்ளே இருந்த குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. அடுப்பங்கரையில் தீய்ந்த வாடை. எங்கே ஓடுவதென்று தெரியாமல் நின்றேன்.

கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"அடியே, வால்வ மூடுடி!"

மூன்று மாதத்தில் இவருடைய முதல் பேச்சு, அக்கா. மூடிவிட்டு ஈரத்தோடு போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் கையை நீட்டி அடுப்பங்கரையைக் காட்டினார்.

"தீஞ்சா தீயட்டும். இன்னொரு தடவ திட்டுங்க" என்றேன்.

உன் தங்கை