வைடன்பூர்ட்டின் புதுக் கொடி

வைடன்பூர்ட், ஜெர்மனி
12.02.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் மகள் சொல்லித் தெரியும். பதினொரு வருடம் தனித்தனியாக இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். "அப்பாவுக்குப் போன் எடுங்கோவன் அம்மா" என்றாள் மிதுஷா. போனில் என்றால் நாங்கள் இரண்டாம் நிமிடமே சண்டைக்குப் போய்விடுவோம். அதனால்தான் கடதாசி.

எங்கள் ஊரையும் பக்கத்து ஹோன்ஸ்ரோடவையும் தை மாதம் ஒரே நகரசபையாக்கிவிட்டார்கள். இனிப் புதுச் சின்னம், புதுக் கொடி. விரும்பியவர்கள் வரைந்து அனுப்பலாம். தெரிவுக் குழு ஏழு பேர். முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்தவள் என்று என்னையும் அதில் போட்டுவிட்டார்கள். நேற்று மாதிரிக்கு ஒரு படம் காட்டினார்கள். எங்கள் ஊரின் பழைய சின்னமான வில்லோ மரம், மஞ்சளில் வெள்ளையாக. எனக்கு வடிவாகத்தான் இருந்தது. குழுத் தலைவர், பிராண்ட் என்பவர், பார்த்தவுடனே தள்ளிவைத்தார். ஏன் என்று கேட்க வெட்கமாக இருந்தது. இங்கே கொடி தைக்கும் பட்டறையில் பதினாறு வருடம் இருந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியும்தானே?

கிரிஜா

ஸ்ட்ரெதம், லண்டன்
26.02.2024

அன்புள்ள கிரிஜாவுக்கு,

கவரில் உம்முடைய எழுத்தைக் கண்டதும் மகளுக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். என் தையல் கடையில் ஆட்கள் நிற்க, துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே திறந்தேன்.

சின்னங்களில் மஞ்சள் என்றால் பொன், வெள்ளை என்றால் வெள்ளி. உலோகத்தின் மேல் உலோகம் வைக்கக்கூடாது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் நிறங்கள். நிறத்தின் மேல் நிறமும் கூடாது. அந்தக் காலச் சண்டைகளில் தூரத்தில் வருகிறவனுடைய கேடயத்தைப் பார்த்தே ஆளை அறிய வேண்டும் என்று வந்த ஒழுங்கு அது. அந்த வெள்ளை மரத்தை ஒரு கம்பத்தில் ஏற்றிவிட்டுத் தெருவின் மறுகரையில் நின்று பாரும். மரமே தெரியாது.

இங்கே நான் பள்ளிக்கூடக் கோட்டுகளில் சின்னம் தைக்கிறேன். உம்முடைய கடிதம் வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. நீலத்தில் ஒரு வெள்ளி மரம் கீறிப் பார்த்தேன். ஹோன்ஸ்ரோடவின் சின்னம் பூட்டுத் திறக்கும் திறப்பு அல்லவா, அந்தத் திறப்பையே அடிமரமாக்கினேன். என்னோடு தைக்கும் கணேசலிங்கம் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, கோட்டை விட்டிட்டு மரம் கீறுறியள்?" என்றார்.

அங்கே எத்தனை கொடி தைத்துக் கொடுத்தேன். அதில் என்ன இருக்கவேண்டும் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நீர் கேட்டது சந்தோசம்.

சந்திரகுமார்

வைடன்பூர்ட்
19.04.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

நேற்றுத் தெரிவு நடந்தது. முப்பத்திநாலு படங்கள், பெயர் மறைத்து, இலக்கம் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். இருபத்தேழாவதைத் திருப்பியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அனுப்பியதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. நான் வாய் திறக்கவில்லை, கையும் உயர்த்தவில்லை. மற்ற ஆறு பேரில் ஐந்து பேர் அதற்குத்தான் கை உயர்த்தினார்கள்.

பிராண்ட் உறையைப் பிரித்து "சந்திரகுமார், லண்டன்" என்று வாசித்தார். பிறகு என் முன்னால் இருந்த பெயரட்டையைப் பார்த்தார். இங்கே நானும் திருமதி சந்திரகுமார்தானே. குழுவில் இருப்பவர்களின் உறவினர் பங்குபற்ற முடியாது. உங்கள் படிவத்தில் "உறவு உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று அடையாளம் இட்டிருந்தீர்கள்.

அவர் நல்ல மனிதர். "உங்கள் ஆட்களிடம் இது பரவலான பெயர்தானே?" என்று எனக்கு ஒரு வழி விட்டுத் தந்தார். ஓம் என்றால் போதும், உங்கள் மரம் நகரசபைக்கு முன்னால் பறக்கும். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் என் கணவர்" என்றேன்.

படத்தை எடுத்துவிட்டார்கள். மரமும் திறப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று தெரிவாயிற்று. பொய் சொல்லக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் கையாலேயே போட்ட அந்த "இல்லை"யைப் பார்த்த பிறகு பிராண்டுக்கு ஓம் சொல்லி நானும் உங்களை இல்லையென்றாக்க என்னால் முடியவில்லை. மன்னியுங்கள்.

கிரிஜா

ஸ்ட்ரெதம்
03.05.2024

அன்புள்ள கிரிஜாவுக்கு,

கோபம் வரவில்லை என்றால் பொய். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் கடையில் கணேசலிங்கம், "அப்ப தோத்துப் போனியளோ அண்ணை?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பிறகேன் சிரிக்கிறியள்?" என்றார். நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

அந்த ஊரில் என்னுடையது என்று ஒன்று இருக்கட்டும் என்ற ஆசையில்தான் அனுப்பினேன். உறவு உண்டா என்ற அந்தக் கேள்விக்கு முன்னால் பேனை வெகுநேரம் நின்றது. ஓம் என்று போட எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இல்லை என்பது வசதியாகவும் இருந்தது. இரண்டுமே உண்மை.

இன்னொன்றும் எழுதவேண்டும். லண்டனுக்குப் போவோமா என்று நான் அன்றைக்கு உம்மிடம் கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னேன். ஆனால் இங்கே வந்து, மனுசி வரமாட்டன் எண்டிட்டா என்று மட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதினொரு வருடம் அதையே சொன்னேன்.

ஆவணியில் இரண்டு கிழமை கடையைப் பார்க்க கணேசலிங்கம் சம்மதித்திருக்கிறார். நான் அங்கே வரலாமா? வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதும்.

சந்திரகுமார்

வைடன்பூர்ட்
14.05.2024

அன்புள்ள மிதுஷா அப்பாவுக்கு,

வாருங்கள். நான் லண்டனுக்கு வந்து இருக்கமாட்டேன். உங்களை இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்கவும் மாட்டேன். இரண்டு கிழமை இருங்கள், பிறகு பேசுவோம். இந்த முறை கேட்டுவிட்டுத்தானே வருகிறீர்கள்.

ஐந்து மணிக்குப் பிறகு நிலையத்திலிருந்து பஸ் இல்லை. எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள், நான் காரில் வந்து ஏற்றுகிறேன். உங்களுக்குத் தெரியாது, நான் இப்போது கார் ஓடுவேன்.

அன்புடன்,
கிரிஜா