துப்பாக்கி விளையாட்டும் என் மருமகளும்

பிப்ரவரி 4

பால், காய், மின்கட்டணம் எல்லாம் எழுதியாயிற்று. கணக்கு நேராக வந்தது. மனசுதான் நேராக இல்லை.

சாயங்காலப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் கூடத்திலிருந்து டுமீல் டுமீல். மகனும் மருமகளும் சோபாவில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு டிவியில் ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். "கேப்டன், பின்னாடி ஒருத்தன் வர்றான்" என்கிறான் இவன். "பாத்துட்டேன், நீ வாய மூடிட்டு சுடு" என்கிறாள் அவள். கல்யாணமாகி நாலு மாதம். கட்டினவனை வாயை மூடு என்கிறாள், அவன் சிரிக்கிறான். அவன் அப்பா போன பிறகு இந்த நேரத்தில் சமையலறையில் என்னோடு உட்கார்ந்து கதை பேசியவன்.

ஆண்டவனே, எனக்குப் பொறாமை இல்லை. ரத்தத்தைப் பார்த்துச் சிரிக்கிற வீடு உருப்படுமா என்றுதான் கேட்கிறேன்.

பிப்ரவரி 7

நான் பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் எழுத்துக் கூட்டி நானே படித்துக்கொண்டேன், பேப்பர் படிக்க எனக்கு யார் துணையும் வேண்டாம். இந்த மாதிரி விளையாட்டு ஆளை முரடாக்கும் என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்று அதே பக்கத்தில் இன்னொருவர். முதலாவதை மட்டும் வெட்டிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

மருமகள் முழுசாகப் படித்தாள். "அப்ப என்னைப் பாத்தா பயமா இருக்கா அத்தை?"

"எனக்கென்ன பயம். வீட்டுக்கு வர்றவங்க கேக்கறாங்க."

"யாரு வந்தாங்க?"

யாரும் வரவில்லை. சோறு ஆறுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிப்ரவரி 12

குளியலறையில் கரப்பான்பூச்சி. கேப்டன் அம்மாள் ஸ்டூல் மேல் ஏறி நின்று அலறுகிறாள். நான் போய்ச் செருப்பால் ஒரே அடி. "பாவம் அத்தை, விரட்டி விட்டிருக்கலாம்" என்றாள். டிவியில் ஊரையே கொளுத்துகிறவளுக்குப் பூச்சி மேல் என்ன இரக்கம். இவள் எப்போது முரடாவாள் என்று நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆகிற வழியைக் காணோம்.

பிப்ரவரி 15

அவளுக்கு ஜலதோஷம். காபி போட்டு அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையின் பெயரைப் போனில் சொன்னான்.

பிப்ரவரி 21

ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். அவள் தப்பான பக்கம் திரும்பிவிட்டாளாம். "கண்ணு தெரியலயா உனக்கு" என்று கத்தினான். கையிலிருந்த கன்ட்ரோலரை வீசினான். அவள் புருவத்தில் பட்டு ரத்தம் கொட்டியது.

நான் வாசற்படியில்தான் நின்றிருந்தேன். எழுதத்தான் வேண்டும் — எனக்கு முதலில் பதற்றம் வரவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்றுதான் வந்தது. அப்புறம்தான் துணியை நனைத்துக்கொண்டு ஓடினேன். சீ, நானும் ஒரு பொம்பளையா?

தையல் போட்டுத் திரும்பியதும் அழுதான். "கேம் டென்ஷன்ல பண்ணிட்டேன்மா. அது ஆளையே மாத்திடுது. நீ காட்டுன பேப்பர்ல இருந்தது சரிதான்."

பிப்ரவரி 23

கேமை அவளே யாருக்கோ கொடுத்துவிட்டாள். "நீங்க சொன்னதுதான் நடந்துச்சு அத்தை. இனிமே அது நம்ம வீட்டுல வேண்டாம்." கட்டுப் போட்ட முகத்தோடு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் இவன் போட்ட கூட்டல் தப்பு என்று காட்டியதற்கு என் மேல் டம்ளரை எறிந்தானே, அப்போது எந்தக் கேம்? பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டத்தில் முந்தினான் என்று கல்லெடுத்து அடித்தானே? அன்றைக்கு நம் வீட்டில் டிவியே கிடையாது.

மார்ச் 6

சட்டை இஸ்திரி போடவில்லையாம். "உன் சட்டைதானே, நீ போட்டுக்கோ" என்றாள், விளையாட்டாகத்தான் சொன்னாள். தண்ணீர் ஜக்கை எறிந்தான். அவள் குனிந்துகொண்டதால் சுவரில் பட்டது.

ஆபீஸ் டென்ஷனாம் இந்தத் தடவை.

மார்ச் 7

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லிவிட்டேன்.

"கேம்ல ஒண்ணுமில்லம்மா. சின்னதுலேருந்தே அவன் கை அப்படித்தான். தோத்தா, யாராவது குறை சொன்னா, கையில இருக்கறது பறக்கும். பெரியவனானதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

அவள் கிளிப்பை ஒவ்வொன்றாக மாட்டி முடித்தாள். "அப்ப அந்தப் பேப்பரை ஏன் அத்தை வெட்டி வெச்சீங்க?"

"நீ அவன் பக்கத்துல உக்காந்திருந்த."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. முகத்தைப் போர்வைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 9

மருமகள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியில் துணி மடித்து வைத்தது நான்தான். அவன் டாக்டரைப் பார்த்து ஒழுங்காகச் சிகிச்சை எடுக்கட்டும், அதுவரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

"அவகிட்ட என்ன சொன்ன? நீ யார் பக்கம்மா?" என்று நாற்காலியைத் தூக்கினான். நான் நகரவில்லை. கீழே வைத்தான்.

மார்ச் 20

மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். "கோபம் எப்பலேருந்து வருது?" என்று கேட்டார். "ஒரு கேம் விளையாடினேன் சார், அதுலேருந்து" என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டுவேன் என்று நினைத்தான். ஆட்டவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, "சின்ன வயசுலேருந்து" என்றான். நான் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்தேன்.

அங்கே இருக்கும்போது மருமகள் போன் செய்தாள். உள்ளே போயிருக்கிறான் என்றேன். புருவத்துக் காயம் ஆறிவிட்டதாம், தழும்பு இருக்குமாம். அக்கா பிள்ளைகள் பண்ணுகிற கூத்தைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அவன் வெளியே வந்து நின்றது தெரியவில்லை.

"யாரு, அவளா? உன்கிட்ட சிரிச்சு பேசறாளா? எனக்கு ஒரு தடவைகூடப் போன் பண்ணலயே."

அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான முகம்தான், அந்தப் பேப்பரை வெட்டிய அன்று எனக்கு இருந்தது.