பெரிய வெள்ளியில் மஞ்சள் தண்ணீர்

நுவரெலியா
02.03.2025

பாசமுள்ள பிரதாப் அண்ணனுக்கு,

தங்கச்சி லோஜினி எழுதுகிறேன். இது நான் போடும் இருபத்தோராவது கடிதம். இருபதுக்கும் பதில் இல்லை. எல்லாம் உங்கள் கையில்தான் கிடைத்தது என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா சொல்லியனுப்பினார். அதனால் தபால்காரர் மேல் பழி போட வேண்டாம்.

மடத்தில் எங்களுக்குக் கைத்தொலைபேசி கிடையாது. இருந்தால் நாளுக்குப் பத்துத் தடவை அழைத்து உங்களைக் கத்த வைத்திருப்பேன். காலையில் இன்னும் பனி. கரட் பாத்தியில் களை பிடுங்கி விரலெல்லாம் விறைத்துவிடுகிறது. தேயிலைக் கொழுந்து பறித்தவள் மகளுக்கு இதுவும் ஒரு வேலையா என்று பெரிய சிஸ்டர் கேலி செய்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மே 31ஆம் திகதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரியாக ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கும் நாள். அன்றைக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை கூட்டிப்போய் ஆண்டவரிடம் ஒப்படைக்க வேண்டும். நமக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. உங்களை விட்டால் எனக்கு யார்? என்னோடு இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் வராவிட்டால் நான் மட்டும் தனியாக நடக்க வேண்டும்.

அம்மாவைப் புதைத்த ஆறாம் மாதமே கிளம்பினேன் என்று உங்களுக்குக் கோபம். என் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். போதும் அண்ணே, திறவுங்கள்.

உங்கள் தங்கச்சி,
லோஜினி

---

பொகவந்தலாவை
14.03.2025

லோஜினிக்கு,

இருபத்தொன்றும் கிடைத்தது. எல்லாவற்றையும் வாசித்தேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நீ போனாய் என்பதைவிட, யாரிடம் போனாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மாவைக் குளவி கொட்டிய அன்று நீ ஹட்டனில் வகுப்பில் இருந்தாய். அம்மாவைக் கம்பளியில் சுற்றி முதுகில் போட்டுக்கொண்டு மேல்கணக்கு மலையிலிருந்து இறங்கியவன் நான். வாகனம் வரவில்லை. வழி முழுவதும் இயேசுவே, இயேசுவே என்றுதான் கூப்பிட்டேன். மாரியம்மன் கோயில் வளைவில் அம்மாவின் கை என் கழுத்திலிருந்து நழுவியது. அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை. அப்படிப்பட்டவரிடம் என் தங்கச்சியை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? நான் வர மாட்டேன்.

இன்னொரு கூத்து கேள். பெரிய வெள்ளியன்று தோட்டத்தில் சிலுவைப் பாதை நடத்துகிறார்களே, அதில் பத்து வருஷமாக இயேசுவாக நடந்த கிளார்க் மகன் நிரோஷன் கட்டாருக்குப் போய்விட்டான். அந்தச் சவுக்கு மரத்துச் சிலுவையைத் தூக்க வேறு ஆள் இல்லை. நான் தேயிலைச் செடியில் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து உபதேசியார் செல்லசாமி மாமா மறித்துக்கொண்டார். "நீ கோயிலுக்கு வராட்டி போ. அந்த இயேசு அங்கியை வருஷா வருஷம் தொவைச்சுக் குடுத்தவ ஒங்கம்மா. அவளுக்காகத் தூக்குடா" என்றார். பாரம் தூக்கத்தானே, தூக்கித் தருகிறேன் என்றேன். பக்தி கிக்தி ஒன்றும் இல்லை.

ஒத்திகையில் அவர் என்னைப் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. "மூச்சு வாங்காதடா, மொகத்தைச் சுளிக்காதடா. அவரு தேவமகன், ஒன்னைய மாதிரி கவ்வாத்துக்காரனா?" என்கிறார். அப்படியானால் இயேசு சிலுவையோடு விழுகிற இடத்தில் என்ன செய்ய என்று கேட்டேன். "மெல்ல முழங்கால் போடு. சும்மா காட்டுறதுதானே" என்கிறார்.

நீ இரண்டரை வருஷமாக இதைத்தானே படிக்கிறாய். சொல். அவர் கடவுள் என்றால் அந்த வலியெல்லாம் சும்மா காட்டியதா? மனிதர் என்றால் நாம் ஏன் கும்பிடுகிறோம்? சுற்றி வளைக்காமல் எழுது.

பிரதாப்

---

நுவரெலியா
22.03.2025

அன்பு அண்ணே,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு அறையிலேயே அழுதுவிட்டேன். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று பெரிய சிஸ்டர் கேட்டார். இரண்டும் என்றேன். வர மாட்டேன் என்று எழுதினாலும் எழுதினீர்களே!

செல்லசாமி மாமா நல்லவர். ஆனால் இந்த விஷயத்தில் தப்புச் சொல்கிறார். இயேசு முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர். இதுதான் நம் விசுவாசம். பாதிக்குப் பாதி கலந்து செய்தவர் இல்லை. மனித வேஷம் கட்டி ஆடிவிட்டுப் போனவரும் இல்லை. ஒரு தாயின் வயிற்றில் பத்து மாதம் இருந்தார். தச்சு வேலை செய்தார். அவருக்குப் பசித்தது. அலை அடிக்கும்போது படகில் அசந்து தூங்கினார். தோழன் லாசர் செத்தபோது கல்லறைக்கு முன்னால் நின்று அழுதார். அழுத கண் காயுமுன்னே அவனை வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டார், செத்தவன் எழுந்து வந்தான். அழுதவரும் எழுப்பியவரும் ஒரே ஆள் அண்ணே. அதனால் அவருக்கு வலித்தது வலித்ததுதான்.

வெறும் மனிதர் என்றால் நம்மோடு சேர்ந்து அழுவார், அதோடு சரி. மனிதராகாத கடவுள் என்றால் நம் வலி அவருக்குக் கேள்விப்பட்ட கதை. ஒருவரே இரண்டுமாக இருப்பதால்தான் நமக்குக் கதி உண்டு.

ஆகவே தாராளமாக மூச்சு வாங்குங்கள். மாமா திட்டினால் என் பேரைச் சொல்லுங்கள்.

லோஜினி

---

பொகவந்தலாவை
30.03.2025

லோஜினிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் குட்டிக்கு ஞானோபதேசம் சொல்லிக் குடுத்ததே நான்தான்டா. எனக்கே பாடம் நடத்துறாளா?" என்று குதித்தார். மூச்சு வாங்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

நீ எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது, அச்சடித்த புத்தகம் போல. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். லாசரை எழுப்பினார், சரி. நம் அம்மாவை? நானும் அழுதுதானே கூப்பிட்டேன்? கடவுள் என்றால் அவரால் முடிந்திருக்கும். மனிதர் என்றால் மனசு இரங்கியிருக்கும். இரண்டும் என்கிறாய். அப்படியானால் அன்றைக்கு எங்கே போயிருந்தார்?

இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் மே மாதத்தைப் பற்றி இனிப் பேசாதே.

பிரதாப்

---

நுவரெலியா
06.04.2025

அன்பு அண்ணே,

இந்தத் தாளை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

வீங்கிக் கிடந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது நானும் இதையேதான் கேட்டேன். பதில் கிடைத்ததால் மடத்துக்கு வந்தேன் என்று நினைக்கிறீர்கள். அந்தக் கேள்வியோடு வேறு எங்கே போவதென்று தெரியாமல்தான் வந்தேன். இங்கே எத்தனையோ நாள் முழங்காலில் இருந்து சண்டை போட்டிருக்கிறேன். பெரிய சிஸ்டருக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சிலுவையில் தொங்கும்போது அவரும் இதையே கேட்டார். ஏன் கைவிட்டீர் என்று தம் தந்தையைப் பார்த்துக் கத்தினார். அங்கேயும் பதில் வரவில்லை. செத்துப்போனார். அன்றைக்கு நீங்கள் கத்தினீர்களே, அப்படிக் கத்தினவரைத்தான் நான் கடவுள் என்கிறேன். மூன்றாம் நாள் அவர் எழுந்தார். அம்மாவுக்கும் அந்த நாள் உண்டு என்று நம்புகிறேன். நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது.

மே மாதத்தைப் பற்றிப் பேசவில்லை. நீங்கள் வராவிட்டாலும் என் அண்ணன்தான். சிலுவை பாரமாக இருக்கும், தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

லோஜினி

---

பொகவந்தலாவை
21.04.2025

என் தங்கச்சி லோஜினிக்கு,

சாக்குப் போடவில்லை. தோள் உரிந்து கிடக்கிறது. கை வலிக்க வலிக்க எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கீழ் லயத்து வீடுகளிலிருந்து புறப்பட்டோம். வெறுங்கால். ரோட்டில் புதிதாகக் கல் கொட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் கத்தி. முதல் தடவை விழுகிற இடத்தில் மாமா சொன்னபடி மெல்ல முழங்கால் போட்டேன், முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்கப்புறம் வழி ஏற ஏறத்தான் எனக்கு உறைத்தது. அம்மாவைச் சுமந்துகொண்டு நான் இறங்கிய அதே வழி. தோளில் அதே பாரம். மாரியம்மன் கோயில் வளைவு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அடுத்த அடி எடுத்து வைத்தேன், கல் புரண்டது, சிலுவையோடு குப்புற விழுந்தேன். நடிப்பில்லை லோஜினி. முழங்கால் கிழிந்தது. "அம்மா!" என்று கத்திவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு அப்படி ஒரு வசனமே கிடையாது. அழுகை வந்தது, மூச்சு இரைத்தது, எதையும் அடக்க முடியவில்லை. தோட்டமே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அப்போதுதான் நம் பேச்சியம்மா அக்காவும் ஐந்தாறு பெண்களும் அம்மன் கோயில் பக்கமிருந்து குடத்தோடு வந்தார்கள். மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை. காவடி எடுத்து வருகிறவன் காலில் ஊற்றுகிறார்களே, அதேதான். அக்கா நேராக வந்து என் காலில் ஊற்றிவிட்டது. மாமா ஓடி வந்தார். "அடியே, இது காவடி இல்லடி! யாருக்கு ஊத்துற? பிரதாப்புக்கா, ஆண்டவருக்கா?"

அக்கா குடத்தை இறக்கவே இல்லை. "ரெண்டு பேருக்குந்தான் அண்ணே. சாமின்னும் ஊத்துறேன். காலு கிழிஞ்சு எரியுமேன்னும் ஊத்துறேன். இதுல எதை நான் நிப்பாட்டணும், சொல்லுங்க" என்றது.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊத்தும்மா" என்றார். "நல்லா ஊத்து."

தண்ணீர் காலில் ஓடியது, அப்படி ஒரு குளிர்ச்சி. நீ எழுதியதெல்லாம் எனக்கு அங்கேதான் விளங்கியது. அம்மா என் முதுகில் செத்த அன்று அவர் மேலே எங்கேயோ இருந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதானே இத்தனை நாள் வைராக்கியம் வைத்திருந்தேன்? அவர் கீழே இருந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு, கால் கிழிந்து, கூடவே இறங்கியிருக்கிறார். விழுகிற கடவுளை இதுவரை எனக்குத் தெரியாது லோஜினி. மாமா காட்டவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஏன் அம்மாவைக் காப்பாற்றவில்லை என்று இன்றைக்கும் கேட்பேன். ஆனால் இனி அவரிடமே கேட்பேன்.

எழுந்தேன். எழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். மலை உச்சி வரை நிற்கவில்லை. மாமா பின்னாலேயே ஓடி வந்து, "வாங்குடா மூச்சு, நல்லா வாங்கு! அவரும் வாங்கினாருடா!" என்று கத்திக்கொண்டே வந்தார். கூட்டமெல்லாம் அழுகையும் சிரிப்புமாக ஏறியது.

நேற்று உயிர்ப்பு ஞாயிறு. காலையில் வெள்ளை உடுப்புப் போட்டு என்னைக் கோயில் படியில் நிறுத்தினார்கள். முழங்காலைக் கட்டி மறைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். "தொடாதே" என்றார் மாமா. "எழுந்தவரு காயத்தோடதான் எழுந்தாரு. காட்டட்டும்." கதவு திறந்தது, தப்பு மேளம் அடித்தார்கள். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் இரண்டு பிரிவும் முற்றத்தில் நின்றது. "எழுந்தார்!" என்று நான் கத்த வேண்டும், அதுதான் வசனம். கத்தினேன் பார், எதிர் மலையிலிருந்து திரும்பி வந்தது. எனக்குப் பிறகு அத்தனை பேரும் கத்தினார்கள். அவர் எழுந்தார், லோஜினி. அம்மாவையும் எழுப்புவார். செத்துப் பார்த்தவர் சொன்னால் நான் நம்புகிறேன்.

மே 31க்கு வான் வாடகைக்குப் பேசியாயிற்று. பேச்சியம்மா அக்கா சேலை எடுத்து வைத்துவிட்டது. மாமா உன்னிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது என்கிறார், தப்புக்காரர்களும் வருவோம் என்கிறார்கள். கோயிலுக்குள் அடிக்கலாமா என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டு வை. கூடாது என்றால் வாசலில் அடிப்பார்கள்.

நீ அந்த வாசலில் நில். ஓர் அடிகூடத் தனியாக எடுத்து வைக்காதே. உன் கையைப் பிடித்து அவரிடம் கொடுக்க நான் வருகிறேன். அவர் யாரென்று தெரிந்துகொண்டு வருகிறேன்.

உன் அண்ணன்,
பிரதாப்